டாக்டர் கொடுத்த முதல் பரிசு

இன்று மன்னார்புரத்தில் ஒரு அம்மா மகனோடு ஓடிவந்து நான் இருந்த பஸ்ஸில் ஏறினார். அடுத்த ஸ்டாப் வரை பையனுக்கு மூச்சிரைப்பு அடங்கவில்லை.

"டாக்டர்ட்ட காட்டிட்டேங்க. கொழுகொழுன்னுதானே இருக்கான், விடுங்கன்னுட்டாரு," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பதுகளில், எனக்கு ஒன்பது வயது. மலைக்கோட்டைப் படியில் பாதிகூட ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னை ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடும்ப டாக்டரிடம் இழுத்துப் போனார்.

அவர் எடை மெஷின் பக்கமே திரும்பவில்லை. "நான் பரிசு கொடுத்த குழந்தைங்க இது! வளர்ந்தா சரியாயிடும். டானிக் எழுதறேன்."

உண்மைதான். இரண்டு வயதில் கொழுகொழு குழந்தைப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. நடுவர் அவரேதான்.

மறுநாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பரிசுச் சொம்போடு போனார். 'முதல் பரிசு' என்று வெட்டியிருந்த பக்கம் டாக்டரைப் பார்க்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"பரிசை நீங்களே வச்சுக்கங்க. பிள்ளையைப் பாருங்க."

டாக்டர் குரல் இறங்கிவிட்டது. "சாப்பாட்டைக் குறைங்கன்னு சொன்னா அம்மாங்களுக்குக் கோவம் வருதுங்க. அடுத்த தடவை வேற டாக்டர்ட்ட போயிடறாங்க."

"நான் உங்ககிட்டதானே திரும்ப வந்து நிக்கிறேன்?"

அன்றுதான் டாக்டர் என்னை எடை மெஷினில் ஏற்றினார். சொம்பை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "திரும்பப் போங்க. எடை பாக்காம நாற்காலிய விட்டு எந்திரிக்காதீங்க."

சொம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் டாக்டர் மேசைக்கும் தேவைப்பட்டால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.