குடிக்காதவனின் சிறுநீர்

அண்ணனுடைய சிறுநீரில் சோதனையின் கடைசி மருந்தை விட்டதும் அது சிவந்தது. ஈப்போவில் ஆய்வுக்கூட வேலைக்கு வந்ததிலிருந்து சளி, சீழ், மலம், புழு எல்லாம் பார்த்துவிட்டேன். எதுவும் என் சாப்பாட்டைக் கெடுத்ததில்லை. பெரியம்மாதான் கெடுத்தார்.

அண்ணன், அவருடைய மகன். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். இளம் வயதிலேயே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வலது கை கால் விழுந்தது, பேச்சும் போனது. வார்டில் எல்லாரும் சம்சு சாராயம்தான் காரணம் என்றார்கள். தோட்டத்து ஆணுக்கு வேறு நோய் வராதாம். டாக்டர் மட்டும் அவனுடைய நீண்ட விரல்களையும் சோடாபுட்டிக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு இந்தச் சோதனையைக் கேட்டார்.

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் ஒரு பொருளை மாற்றி அனுப்ப பி-6 வைட்டமின் துணை வேண்டும். அதை வைத்து வேலை செய்யும் நொதி இவனுக்குப் பிறவியிலேயே பழுது. பொருள் தேங்கி ரத்தக்குழாயைக் கெடுக்கிறது, ரத்தம் உறைகிறது. மிச்சம் சிறுநீரில் இறங்கும், சோதனையில் அதுதான் சிவக்கும். தாய், தகப்பன் இருவர் வழியிலும் அந்தப் பழுது வரவேண்டும். சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற வீட்டில் அது சுலபம். வைட்டமினை அதிகமாகக் கொடுத்தால் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அதுவும் பிறவிதான். அண்ணனுக்குக் கேட்டது. சில வாரங்களில் சிவப்பு வெளிறியது.

அவன் தங்கைக்கும் அதே விரல்கள், அதே கண்ணாடி. பெரியம்மாவின் அண்ணன் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். அவளுக்கும் இது இருந்து பிள்ளை உண்டானால் ஆபத்து கூடும் என்று டாக்டர் எச்சரித்தார். தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், அவளையும் சோதிக்க வேண்டும் என்று சொன்னேன். காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் உள்ளேவரை வந்தது.

“மூத்திரம் செவந்தா யாரு கட்டுவா? எங்கண்ணன் வீட்டு ரத்தமும் கெட்டதுன்னு சொல்லச் சொல்றியா? இவன் குடிச்சான்லா. அப்படியே இருக்கட்டும்.”

“அண்ணன் குடிச்சதே இல்லையே, பெரியம்மா.”

“குடிகாரன் தங்கச்சிக்கு மாப்பிள்ள கெடைப்பான். சீக்காளிக்குக் கெடைப்பானா? படிச்சவதானே, நீயே சொல்லு.”

மூலையில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சுதான் போயிருந்தது.

அடுத்த வாரம் தங்கை தனியாக பஸ் ஏறி வந்தாள். கையில் சில்லி சாஸ் போத்தல், அதில் அவளுடைய சிறுநீர்.

“நல்லாக் கழுவிட்டேன்க்கா. ஆனா இன்னும் மணக்குது.”

அதைக் கொட்டிவிட்டு, சுத்தமான போத்தலில் மறுபடி எடுக்கச் சொன்னேன். அதுவும் சிவந்தது. டாக்டரிடம் கூட்டிப் போனேன். அன்றே மாத்திரை தொடங்கினாள்.

பரிசத்தன்று பெரியம்மா எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார். அண்ணனைக் காட்டி, “தண்ணி போட்டே இப்படி ஆயிட்டான்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மூக்கை உறிஞ்சினார். அண்ணன் வாயைத் திறந்தான். சத்தத்தோடு எச்சில்தான் வந்தது. தங்கை அதை முந்தானையால் துடைத்தாள். பிறகு எல்லார் முன்னாலும் மாத்திரையை எடுத்து விழுங்கினாள்.

“என்ன மாத்திரை?” என்றான் மாப்பிள்ளை.

“அண்ணனுக்கு உள்ளது எனக்கும் இருக்கு. அதுக்கு. அவரு ஒரு நாளும் குடிச்சதில்ல.”

தட்டுகள் வந்த வழியே திரும்பிப் போயின. பெரியம்மா மகளைத் திட்டவில்லை. மகனிடம் போய்க் குனிந்து, “நீ குடிச்சாவது தொலைச்சிருக்கலாம்ல” என்றார்.

என் பாயசத்தை வாசல் கால்வாயில் ஊற்றினேன். தங்கை அண்ணனுடைய மாத்திரையை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.