பதினோராவது பம்ப்

ஏழு வருடங்களுக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை மதியம் நடந்தது இது. அப்போது நான் பாலிடெக்னிக்கில் பயோமெடிக்கல் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா, கடைசி செமஸ்டர். பயிற்சிக்காக எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் கீழ்த்தளத்தில், கருவிகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் அறைதான் எனக்கு ஆபீஸ். அவர்கள் 'தேர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தால்தான் டிப்ளோமா என் கைக்கு வரும்.

நான் சரியான வாயாடி. டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் நான் லிஃப்டில் ஏறும்போதே ஏழாம் மாடியில் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பார்கள். இந்தப் படிப்பில் சேர்ந்தேன் என்றதும் எங்கள் சித்தி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார். "நான் மனுசனுக்கு டாக்டர் இல்ல சித்தி, மெஷினுக்குத்தான் டாக்டர்" என்றேன். அடுத்த வாரமே ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்! அதையும் சரிபண்ணிக் கொடுத்தேன் என்பது வேறு விஷயம்.

பாலிடெக்னிக் லேபில் எங்கள் வகுப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தச் சோதனைக்கு என்ன முடிவு வரும் என்பது சீனியர்களின் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தாலே தெரியும். அதனால் கிராஃபை முதலில் வரைந்துவிடுவோம், அப்புறம்தான் ஒயரை மாட்டுவோம். இதயத் துடிப்பின் கோடு நோட்டில் துடித்து முடித்த பிறகுதான் மெஷினில் துடிக்கும். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வோம். அந்தப் பழக்கத்தைத்தான் நான் மருத்துவமனைக்கும் கொண்டு போனேன்.

அன்று என் மேசையில் பதினெட்டு பம்ப்கள். நோயாளியின் கையில் ஊசி வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக, அளவு தவறாமல் ஏற்றுகிற பெட்டி அது. ஒவ்வொன்றையும் சோதித்து, சரியாக இருந்தால் தேதியும் கையெழுத்தும் போட்ட பச்சை ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பச்சை ஸ்டிக்கர் இருந்தால் நர்ஸ்கள் எதுவும் கேட்காமல் எடுத்துப் போவார்கள். காலையிலேயே பதினெட்டு ஸ்டிக்கரிலும் கையெழுத்துப் போட்டு, பதினெட்டையும் ஒட்டிவிட்டேன். ஒட்டுகிற வேலை முதலில் முடிந்தால் பிறகு சோதனை மட்டும்தானே, நேரம் மிச்சம் என்று ஒரு கணக்கு. மதியத்துக்குள் பத்தைச் சோதித்து முடித்தேன். பத்தும் பாஸ். ரொம்பத் திருப்தியாகக் கேன்டீனுக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் மேசையில் பதினேழுதான் இருந்தன.

அந்த அறையின் சீனியர் டெக்னீஷியன் அண்ணன் எதையோ சால்டரிங் செய்துகொண்டே சொன்னார். "அஞ்சாவது மாடியிலேருந்து நர்ஸ் வந்தாங்கமா. அவசரம்னாங்க. ஸ்டிக்கர் இருந்துச்சி, ஒண்ணு எடுத்துக் குடுத்திட்டேன்."

குனிந்து நம்பர் பார்த்தேன். போனது பதினோராவது. நான் தொடவே இல்லாதது.

வாயாடி என்றேனே, அந்த வாய் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை. "ஆ, சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் என் பயிற்சி அறிக்கை என்ன ஆகும்? அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? பத்து பாஸ் ஆகியிருக்கிறதே, அதுவும் நன்றாகத்தான் இருக்கும். பன்னிரண்டாவதை எடுத்துச் சோதித்தேன். பாஸ். பதின்மூன்று, பாஸ். பார்த்தாயா, எல்லாம் நல்ல பம்ப்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படியே முக்கால் மணி நேரம் போய்விட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பிறகு சோதனைத் தாளில் எழுத உட்கார்ந்தேன். பத்தாவது வரி வரைக்கும் பேனா ஓடியது. பதினோராவது வரியில் 'பாஸ்' என்று எழுதப் போனேன், கை வரவில்லை. லேப் கிராஃபை எத்தனை தடவை பொய்யாக வரைந்த கை! அந்த ஒரு சொல்லை எழுத மாட்டேன் என்றது. அந்தப் பெட்டி இப்போது யாரோ ஒருவர் கையில் மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் என் கையெழுத்து இருக்கிறது என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. சோதித்த பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். லிஃப்ட் வரக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் படியிலேயே ஏறினேன்.

வார்டில் விசாரித்து அந்த நர்ஸ் அக்காவைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது. "அக்கா, மதியம் எடுத்திட்டு வந்த பம்ப மாத்தணும். அத நான் டெஸ்ட் பண்ணல."

"ஸ்டிக்கர் இருந்துச்சே?"

"முன்னாடியே ஒட்டிட்டேங்கா. டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "உன் கையெழுத்தப் பாத்துட்டுத்தான்மா நம்பி எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டே தேவலாம் போலிருந்தது. உடனே என் கையிலிருந்த பம்பை வாங்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா படுத்திருந்தார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்தவர், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. இருதயத்துக்கான மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் பம்பை மாற்றி, ரத்த அழுத்தத்தைப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"யாருமா நீ, டாக்டரா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"இல்லக்கா. மெஷின் பாக்கிறவ."

"மெஷின் ரொசாக்கா, கெட்டுப்போச்சா?"

பொய் சொல்ல அருமையான சந்தர்ப்பம்! ஆனால் அதற்குமேல் என்னால் முடியவில்லை. "தெரியலக்கா. பாக்காமயே நல்லாருக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். என் தப்பு. கீழ கொண்டு போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

கழற்றிய பம்போடு கீழே வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சால்டரிங்கை அணைத்துவிட்டு, பம்பைச் சோதனைக் கருவியில் மாட்டினார். மருந்து போகும் அளவு மிகச் சரியாக இருந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அடுத்து, மருந்து போகிற குழாயை மடித்து இறுக்கிப் பிடித்தார். அடைப்பு வந்தால் பம்ப் உடனே அலற வேண்டும், அதுதான் கடைசிச் சோதனை. இருவரும் காத்திருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அது அலறவே இல்லை.

"எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது. கத்த வேண்டிய நேரத்துல மட்டும் வாயத் திறக்க மாட்டேங்குது" என்றார் அண்ணன். அவர் பம்பைத்தான் சொன்னார். ஆனால் முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தானே. மேலே அந்த அக்கா கொஞ்சம் புரண்டு படுத்து, குழாய் கைக்கடியில் மடிந்திருந்தால், மருந்து நின்றது யாருக்குமே தெரிந்திருக்காது.

சொன்ன வாக்குக்காக, சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மறுபடி மேலே போனேன். பம்ப் பழுது என்பதை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்துவார், புகார் எழுதச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நாற்காலியைக் காட்டி, "உக்காருமா" என்றார். "நானும் உன் மாதிரிதான்லா. ஃபேக்டரியில க்யூசி. நாள் பூரா செக் பண்ணி செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்றதுதான் என் வேல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

"ஒரு நாளு டார்கெட் முடியல. கடைசி தட்டு, பாக்காமயே ஒட்டிட்டேன். கார் பிரேக்குக்குப் போற சர்க்யூட் போர்டு அது. வீட்டுக்குப் போனப்புறம் மனசு கேக்கல. காலையில சொல்லிடலாம்னு வந்தேன், கன்டேய்னர் கெளம்பிப் போயிடுச்சி. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன். ஒம்பது வருசம் ஆச்சிமா. எந்த ஊர்ல, எந்தக் கார்ல ஓடுதோ." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஓடி வந்தியே. என்னால அப்டி ஓட முடியல."

அப்புறம் நான் அழுதேன், அவரும் அழுதார். நர்ஸ் அக்கா வந்து, "இருதயக்காரங்கள அழ வைக்கிறியா?" என்று என்னை விரட்டிவிட்டார்.

சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். நர்ஸ் அக்கா தன் பங்குக்கு, 'பயிற்சி மாணவியே வந்து சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரிதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு வாரம் எந்தக் கருவியையும் சோதிக்கக்கூடாது, சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க மட்டும்தான் வேண்டும் என்றார்கள். சுமந்தேன். கடைசியில் 'தேர்ச்சி' என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

என்னோடு படித்தவர்கள் இன்று பல இடங்களில் இருக்கிறார்கள். பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலையில் ஒருத்தி, புக்கிட் மெர்தாஜாமில் டயாலிசிஸ் நிலையத்தில் ஒருவன், ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்க வாரம் முழுக்க ஊர் ஊராகக் கார் ஓட்டுகிற இன்னொருவன். நான் ஒரு மருத்துவமனையிலேயே தங்கிவிட்டேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் நாளே ஸ்டிக்கர் தாள் எங்கே என்று கேட்பார்கள். அது என் சட்டைப்பையில் இருக்கும். குழாயை மடித்துப் பிடித்து, பம்ப் அலறி, அந்த அலறலை நான் காதால் கேட்ட பிறகுதான் ஒன்றை உரித்துக் கொடுப்பேன். என்னை 'ஸ்டிக்கர் அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் கேலி பண்ணுகிறார்கள், தெரியும். பண்ணட்டும்.

எனக்கு ஓடிப்போய் எடுத்துவர ஐந்து மாடிதான் இருந்தது, அந்த அக்காவுக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்றே தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் ஒவ்வொரு பச்சை ஸ்டிக்கரையும் ஒட்டும்போது, அந்தப் போர்டு போய்ச் சேர்ந்த கார் எங்கேயிருந்தாலும் இன்றைக்கும் நிற்க வேண்டிய இடத்தில் நல்லபடியாக நிற்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு முறை வேண்டிக்கொள்கிறேன்.