கிழக்கு அளத்து எஞ்சின்

"வைகாசி 12, சனி. வெயில். மூன்று மணிக்கு மேல் கடல்காற்று. மாமா 4.50க்குத் தொடங்கி 6.05க்கு முடித்தார். நடுவில் ஒரு நிறுத்தம், பதினொரு நொடி. பக்கத்து அளத்து எஞ்சின் கடைசி வரை ஓடியது. கம்பி எதுவும் அறுபடவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். கடைசி வாக்கியத்தை மட்டும் மறுநாள் காலையில் சேர்த்தேன். அதற்குள் மாமா பார்ப்பவர்களிடமெல்லாம் கம்பி அறுந்துவிட்டதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். மரக்காணத்துக்கு மேற்கே கேழ்வரகும் மணிலாக்கொட்டையும் போடும் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் இடையஞ்சாவடிப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் தோட்ட வேலைக்குப் போனவர், மண்வெட்டியை வைத்துவிட்டுக் கிட்டாரோடு திரும்பி வந்தார். பிறகு ஐம்பது வருஷம் சென்னை ஓட்டல்கள், கோவா, கப்பல்கள். வாசித்ததெல்லாம் ப்ளூஸ், அதை ராக் வேகத்துக்கு ஏற்றியது. பழைய கேசட்டுகளில் அவருடைய கிட்டார் இருக்கிறது, பெயர் இல்லை. அவர் பெயர் மட்டும் உள்ள பதிவு என்று ஒன்றுகூடக் கிடையாது. பிரான்சிலிருக்கும் பழைய கூட்டாளி ஒருவர், "ஆட்கள் முன்னால் ஒரே தடவையில் வாசித்ததை அனுப்பு, இசைத்தட்டாகப் போட்டுத் தருகிறேன்" என்று எழுதியபோது மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. இடது கையின் மோதிர விரல் அதற்கு முந்தைய வருஷமே மடங்கினால் நிமிராமல் சிக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. பாண்டிச்சேரி டாக்டர் ஊசி போட்டார். மறுபடி சிக்கினால் வாசிப்பை மறந்துவிடச் சொன்னார். இது மாமா, அக்கா, நான் மூன்று பேருக்கு மட்டுமே தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பதிவுக்கான இடம் எங்கள் அப்பா வழியில் வந்த சின்ன உப்பளம். அரங்கம் வேண்டாம் என்றார் மாமா. அரங்கத்தில் வருகிறவர்கள் கைதட்டிவிட்டுப் பார்க்கிங் பக்கம் திரும்பிவிடுவார்களாம். உப்புக் குவியலுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து ஒரு நாற்காலி போட்டோம். காலடியில் உப்பு வாரும் பலகை ஒன்றைக் கவிழ்த்து வைத்தோம். அதில் குதிகாலால் தட்டுவதுதான் தாளம். வேறு வாத்தியம் கிடையாது. அளத்தில் வேலை செய்யும் பெண்கள், லோடு ஏற்றும் ஆட்கள், பொம்மையார்பாளையத்திலிருந்து வந்த சில நண்பர்கள், எல்லாம் சேர்த்து நாற்பது பேர் இருக்கலாம். எண்ணவில்லை, அது என் தவறு.

பதிவு செய்தவர் கோட்டக்குப்பத்து பாய். மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் மேடை ஒலி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வேனிலிருந்து மைக்குகளை இறக்கியதும் அவர் காதில் முதலில் விழுந்தது எஞ்சின். பக்கத்து அளத்துக்காரர் உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

பாய் வரப்பிலேயே நடந்து போய்க் கேட்டார். "அண்ணே, ஒரு ஒன்றரை மணி நேரம் நிறுத்துங்களேன்."

"தண்ணி ஏத்தலன்னா நாளைக்கு பாத்தியில என்னத்த வார்றது? உங்க பாட்டையா?"

பாய் திரும்பி வந்து மாமாவைப் பார்த்தார். "உஸ்தாத், அந்த ஆளு கிட்டார விட இஞ்சினத்தான் நம்புறான்."

"ஓடட்டும் வுடு. கப்பல்ல இத விட பெரிய இஞ்சின் மேலதான் வாசிச்சேன்."

அப்படித்தான் தொடங்கியது. இந்தக் கரையில் கிட்டார்க் கம்பி ஒன்பது நாளுக்கு மேல் தாங்குவதில்லை, துரு ஏறிவிடும். அன்று புதிதாக ஆறு கம்பிகள் போட்டிருந்தார். நான்தான் உறையைப் பிரித்துக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு அந்த நீளமான, மெதுவான பாட்டு. ப்ளூஸ் என்பது, நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், பன்னிரண்டு தாள அளவு கொண்ட ஒரு வட்டம். எங்கே சுற்றினாலும் பன்னிரண்டாவது அளவில் வீடு வந்து சேர வேண்டும். மாமா பத்தாவது அளவில் நின்றார். விரல் மடங்கியபடியே கம்பி மேல் இருந்தது. வலது கையால் அதைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். குதிகாலும் நின்றுவிட்டது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "கை வலிக்குதா? இருந்து வாசிப்பா. எங்களுக்கு என்ன அவசரம்?"

யாரோ சிரித்தார்கள். மாமா தலையைத் தூக்கவில்லை. விரல் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடராமல், முதல் அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். ஆறு ஐந்துக்கு முடித்துவிட்டு, "கம்பி அறுந்துடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றார்.

அதன் பிறகு அவர் கிட்டாரை எடுத்தது ஒரே ஒரு நாள். நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து, பொம்மையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்னறையில், விட்டுப்போன மூன்று அளவுகளை வாசித்துப் பதிவில் ஒட்டுவதற்காக. பாய்க்கு விருப்பமில்லை.

"உஸ்தாத், நின்ன எடம் நல்லாத்தான் இருக்குது. அப்படியே வுட்டுடலாம்."

"முதல்ல அந்தப் பொம்பள குரல எடு. கை வலிக்குதாவாம். பாரிசுல உக்காந்து கேக்குறவன் என்ன நினைப்பான்? கெழவன் முடியாம உக்காந்துட்டான்னுதானே?"

இருபத்து மூன்று முறை வாசித்தார். ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அக்கா சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். இருபத்து மூன்றாவது பரவாயில்லை. அதற்கு மேல் கை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

பாய் ஒட்டிக் கொண்டுவந்ததைக் கேட்டேன். கிட்டார் சரியாகப் போய் வீடு சேர்ந்தது. ஆனால் அந்த மூன்று அளவுக்கும் எஞ்சின் இல்லை. கடல்காற்றும் இல்லை. ஓடுகிற பேருந்தில் யாரோ நம் காதைப் பொத்திவிட்டு எடுத்தது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு அது வரவில்லை.

"எஞ்சின் எங்கே பாய்?"

"யா அல்லா! ஊரே பாட்டு கேக்கும், நீங்க ஒருத்தர் மட்டும் இஞ்சின் கேப்பீங்களா சார்? கூட்டத்து மைக்க வச்சா அந்தம்மா குரலும் கூட வருது. ரெண்டுல ஒண்ணுதான்."

மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார். "அப்ப போயி இஞ்சினயும் புடிச்சினு வந்து ஒட்டுங்க."

போனோம். அதற்குள் இரண்டு கோடை மழை பெய்து அளங்களில் பாதி கலங்கிக் கிடந்தது. பக்கத்து அளத்துக்காரர் எஞ்சினைக் கழற்றிப் பழுதுக்கு அனுப்பியிருந்தார். நாலு வரப்பு தாண்டி, கிழக்கே இன்னொருவரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதே உயரம், அதே பச்சை பெயிண்ட். எஞ்சின் எஞ்சின்தானே என்றார் பாய். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வயதான இரண்டு பேர் ஒரு டீசல் எஞ்சினுக்கு மைக் நீட்டியபடி அரை மணி நேரம் நின்றோம். அன்று எதற்கும் நான் சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

இசைத்தட்டின் அட்டைக் குறிப்பை நான் எழுத வேண்டும் என்பது முதலிலேயே பேசியிருந்தது. நாள், நேரம், இடம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். மாமா வாங்கிப் படித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "ஒரே மாலையில், ஒட்டுத் திருத்தம் ஏதுமின்றிப் பதிவானது."

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"டேய், இன்னொரு தபா வாசிக்க அந்த மனுஷனுக்கு கை வராது. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"அப்புறம் என்னடா? அரிச்சந்திரன் பேரனா நீ? ஒரு வரி எழுதினா உன் நோட்டு புளிச்சிடுமா?"

எழுதினேன். அதை மறைப்பதற்கில்லை. எழுதி முடித்ததும் வருத்தம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிரான்சுக்கு அனுப்புவதற்கு முதல் நாள், அளத்துப் பெண்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்ட வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். காலை பதினொரு மணிக்கு வேலை முடிந்து, அவர்கள் கீற்றுக் கொட்டகையில் கால் கழுவிவிட்டுத் தூக்குவாளியைத் திறக்கும் நேரம். பாய் ஒரு ஸ்பீக்கரை உப்பு மூட்டை மேல் வைத்தார். சாப்பிட்டபடியே கேட்டார்கள். பலகைத் தாளம் வந்தபோது ஒருத்தி, "ந்தா, என் பலகடி அது" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். மாமாவின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

அந்த நீளமான பாட்டில் ஒட்டிய இடம் வந்து கடந்தது. அந்தக் கூட்டத்தில் மூத்தவள், முப்பது வருஷமாக எங்கள் அளத்தில் உப்பு வாருகிறவள், சோற்றில் வைத்த கையை எடுத்தாள்.

"ஏம்பா, இது நம்ம இஞ்சின் இல்லியே."

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நம்ம பக்கத்து இஞ்சின் மூணு வாட்டி இருமும், நாலாவதுக்கு மூச்சு வுடும். இது கிழக்கால இஞ்சினு. தடதடன்னு ஒரே ஓட்டமா ஓடுது பாரு. கொஞ்ச நேரம் அது, அப்புறம் மறுபடி நம்மளுது. நடுவுல எப்படிப்பா கிழக்கால போச்சு?"

"அதோட, அந்த எடத்துல இவரு நின்னாரே" என்றாள் பலகைக்காரி. "கை புடிச்சிக்கிச்சே. அது எங்க?"

"கம்பி அறுந்துச்சும்மா" என்றார் மாமா.

"எந்தக் கம்பி? வெரல நீ புடிச்சி இழுத்தத நாங்க பாக்கலியா? எனக்கும் இதே வெரல்தான்." பலகைக்காரி வலது கையை நீட்டினாள். மோதிர விரல் பாதி மடங்கி நின்றது. "பலக புடிச்சி புடிச்சி வந்தது. காத்தால ஒரு கை இன்னொரு கைய தொறக்கணும். இதுக்குப் போயி கம்பி மேல பழி போடுற."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்க முயன்றார், வரவில்லை. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போய், உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். நான் போகவில்லை. பாய் போய்விட்டு வந்தார்.

"பழசயே போட சொல்றாரு" என்றார். "ஒட்டி ஒட்டி பாத்தாச்சு, போதும்ங்கறாரு. இதத்தான் சார் நான் முதல் நாளே சொன்னேன். சேத்துல நின்னதுதான் மிச்சம்."

வேனில் திரும்பும்போது கூனிமேடு தாண்டியதும் மாமா, "அந்தக் குரலும் இருக்கட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போய், "யாருன்னு கேட்டு அட்டையில பேரு போடு மச்சான். என் பேருக்குக் கீழ" என்றார். கை மடியில் கிடந்தது. ஒரு பழைய கருவியைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அட்டைக் குறிப்பைத் திருத்தினேன். "ஒட்டுத் திருத்தம் ஏதுமின்றி" என்ற வரி இப்போது உண்மை, அப்படியே இருக்கிறது. நிறுத்தத்தையும் சேர்த்தேன்: பத்தாவது அளவில், பதினொரு நொடி. கம்பியைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

குரல்தான் முடியாமல் நிற்கிறது. அன்று வந்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்பது அளத்துப் பெண்களிடமும் கேட்கப் போனேன். பலகைக்காரி தான் இல்லை என்கிறாள், மூத்தவளைக் காட்டுகிறாள். மூத்தவள், "நான் கத்துனா திண்டிவனத்துக்குக் கேக்கும், அது என் தொண்ட இல்ல" என்கிறாள். அக்காவுக்கே போட்டுக் காட்டினேன், அவளும் கைவிரித்தாள். இன்னும் ஐந்து பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தி சிரித்துவிட்டுப் போய்விட்டாள், அதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் ஒருத்தி. மழைக்குப் பிறகு மகள் வீட்டுக்குச் செய்யூர்ப் பக்கம் போனவள். அவள்தான் என்று மூன்று பேர் சொல்கிறார்கள், அவள் அன்று வரவேயில்லை என்று இரண்டு பேர். கொடுத்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. ஊர்ப் பெயரும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்.

மாமா தினமும் கேட்கிறார். பிரான்சிலிருந்தும் கேட்டு எழுதிவிட்டார்கள், அட்டை அச்சுக்குப் போக வேண்டுமாம். நேற்று அந்த வரியை இப்படி எழுதிக் கொடுத்தேன்: "குரல்: உப்பளத் தொழிலாளி ஒருவர். பெயர் இன்னும் உறுதியாகவில்லை."