கொத்சு வந்தால் ஆர்டர் வரும்

சுட்ட கத்திரிக்காய் கொத்சு... அந்தப் புளி வாசனை வந்தாலே எனக்கு இன்றைக்கும் பயம்.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு உரக் கம்பெனி பிராஞ்ச்தான் என் முதல் வேலை. தினமும் கடலூரிலிருந்து பஸ். எங்கள் மேனேஜர் யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார். ஆனால் திடீரென்று ஒரு நாள், யாராவது ஒருவர் டேபிளில் இட்லி கொத்சு பார்சலை வைத்து "சாப்புடு" என்பார். அந்த வாரமே பார்சல் கிடைத்தவருக்கு ட்ரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிடும். டெஸ்பாட்ச் அண்ணன் அப்படித்தான் ராமநாதபுரம் போனார்.

அதனால் அந்த ஆபீஸில் யார் அன்பாகப் பேசினாலும் எங்களுக்கு உதறல்தான்.

ஒரு நாள் காலை... என் டேபிளில் பார்சல்.

"சாப்புடும்மா. மொகமே வாடியிருக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த நேரம். புரட்டிப் படுக்க வைக்க என்னை விட்டால் ஆளில்லை. ட்ரான்ஸ்பர் என்றால் வேலையை விட வேண்டியதுதான்.

கேஷியர் அமுதா அக்கா காதருகில் வந்தார். "தொடாதடி! வெரதம்னு சொல்லிடு."

"இன்னிக்கு வெரதம் சார்."

மேனேஜர் "சரிம்மா" என்று பார்சலை எடுத்துப் போய், கேபினில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றே நினைத்தேன்.

சாயங்காலம்தான் தெரிந்தது... ஆர்டர் வந்திருந்தது அவருக்கு.

"பாத்தியா, கொத்சு சாப்ட்டவருக்குத்தான் ட்ரான்ஸ்பர்!" என்று அமுதா அக்கா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான், நிஜமாகவே என் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கி வந்தாரோ என்று உறுத்தியது. இன்று வரை தெரியாது.

இப்போது அதே கம்பெனியின் கடலூர் பிராஞ்சுக்கு நான் மேனேஜர். ஆர்டரெல்லாம் மெயிலில் வந்துவிடுகிறது. இட்லியும் கிடையாது, "சாப்புடு"வும் கிடையாது. இந்தக் கொத்சு கதையை டீ டைமில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பது மட்டும் பாக்கி.

போன வாரம், குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் புதுப் பெண் சோர்ந்து போய் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஜுரமாம். மனசு கேட்கவில்லை. பார்சல் வாங்கி வந்து அவள் டேபிளில் வைத்தேன்.

"சாப்புடும்மா."

பார்சலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எந்த ஊருக்கு மேடம்?"