வெளியே நிற்கும் ஆள்

என் நாத்தனாரோடு ஓட்டலுக்குப் போனால் வந்த பசியும் போய்விடும். உட்கார்ந்ததும் எல்லோரும் என்ன சாப்பிடலாம் என்று பார்ப்பார்கள். அவள் பின்கதவு திறக்குமா என்று பார்ப்பாள். எழுந்து போய்த் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள். பூட்டியிருந்தால் முதலாளி பாடு திண்டாட்டம். எங்கள் வீட்டு கேஸ் டியூபை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அவளே வாங்கி வந்து மாட்டிவிட்டு, தேதி பார்க்க மாட்டீர்களா என்று என்னையே அதட்டுவாள். வீட்டு வேலையையே இந்த லட்சணத்தில் பார்க்கிறவளுக்கு ஆபீஸில் வேலை, மாநில அரசில் தொழிலிடப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் இயக்குநர். மாநிலத்தில் யார் எந்த இடத்தில் எப்படி வேலை செய்யலாம் என்று விதி எழுதுகிற நாற்காலி.

அந்த நாற்காலியில் அவளை யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை. வேதியியல் படித்து, ஆய்வாளராகச் சேர்ந்து, கொதிகலன் கொதிகலனாக ஏறி இறங்கி வந்தவள். ஒரு ஆலை முதலாளி டீ கொடுத்து ஏசி அறையிலேயே உட்கார வைத்து அனுப்பிவிடப் பார்த்தாராம். டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு நேராக உள்ளே போய் மிஷினை நிறுத்தியிருக்கிறாள்.

அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வேறு ரகம். பள்ளிக்கூடமும் அவரும் சீக்கிரமே ஒருவரையொருவர் கைகழுவிக்கொண்டார்கள். ஆலைகளில் பெரிய தொட்டிகளைக் கழுவிச் சுத்தம் செய்வது அவர் தொழில். கூட்டாளி என் தம்பி. ஒருவர் இறங்கிக் கசடு அள்ளுவார், இன்னொருவர் தொட்டி வாயருகே நிற்பார். அந்தத் தொழிலில் எல்லோருமே அப்படித்தான். அண்ணன் தம்பி, அப்பா பிள்ளை, மாமன் மச்சான் என்று ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். இறங்குகிறவன் உயிரைச் சொந்தக்காரன் கையில்தானே கொடுத்துவிட்டு இறங்குவான்?

அந்த வழக்கத்தில்தான் என் நாத்தனார் கை வைத்தாள்.

பழைய விபத்துகளில், விஷக்காற்றில் ஒருவர் விழுந்த தொட்டியிலிருந்து பெரும்பாலும் இரண்டு உடல்கள் வந்திருந்தன. இரண்டாவது ஆள், காப்பாற்ற இறங்கியவர். அவர் முதல் ஆளுக்கு என்ன உறவு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. இவள் அந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டாள். அண்ணன் என்றார்கள், அப்பா என்றார்கள், மச்சான் என்றார்கள். அந்நியர் வெளியே நின்ற இடங்களில் அவர்கள் கத்தினார்கள், கயிறு தேடினார்கள், ஆள் கூட்டினார்கள். இறங்கவில்லை. திரும்பி வந்து புது விதியில் ஒரு வரி எழுதினாள்: உள்ளே இருப்பவருக்குச் சொந்தக்காரர் வெளியே நிற்கும் ஆளாக இருக்கக் கூடாது. தொட்டி மேல் ஆள் உயர இரும்பு முக்காலி நிறுத்தி, இறங்குகிறவர் பெல்ட்டில் கயிற்றை மாட்டி, அதைச் சுற்றி இழுக்க விஞ்ச் என்கிற கைச்சக்கரம் வைக்க வேண்டும். வெளியே நிற்பவர் எது நடந்தாலும் விஞ்சிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

பாம்பும் கீரியுமான முதலாளிகள் சங்கமும் தொழிலாளர் சங்கமும் அந்த வரியை எதிர்க்க மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டன. கூட்டத்தில் முதலாளிகள் சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "சொந்தக்காரனை விட வேற யாரும்மா நல்லா பார்த்துப்பான்?"

"யாரும் பார்த்துக்க மாட்டாங்க சார். ஆனா, பார்த்துக்கிட்டே நிக்க அவனால முடியாது" என்றாளாம் இவள்.

கடைசியில் துறைச் செயலாளர், ஒரு வருடம் ஓடட்டும், சரிப்படாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடலாம் என்று முடித்து வைத்தார்.

முதல் எதிர்ப்பு எங்கள் வீட்டிலேயே கிளம்பியது. என் தம்பிக்கு வெளியே நிற்கும் ஆளாக வந்தவன் வேறு ஊர்க்காரன், கேட்டால்கூடப் பதில் சொல்லாத ஆள். எல்லோரும் அவனை முசுடு என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினால் இவர் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். நான் அப்படி ஒளிகிற ஆள் இல்லை. மூஞ்சிக்கு நேராகவே கேட்டேன்: "என் தம்பி உயிரை எவன் கையிலயோ கொடுத்துட்டியே, உனக்கு நல்லாயிருக்கா?"

"திட்டுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டை முடித்தாள். அந்த அழுத்தம்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு ஒருநாள் சாய ஆலையிலிருந்து போன் வந்தது, என் தம்பி தொட்டிக்குள் விழுந்துவிட்டான் என்று. இறங்கும்போது மீட்டர் நல்ல காற்று என்றுதான் காட்டியிருக்கிறது. அடிக்கசடைக் கிளறியதும் உள்ளே அடைந்து கிடந்த விஷக்காற்று கிளம்பிவிட்டது. என்ன கோபம் இருந்தாலும் அவளுக்குத்தான் போன் போட்டேன். விழுந்துவிட்டானாம் என்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று:

"அண்ணன் எங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பி கிடக்கிறான், இவளுக்கு இவள் அண்ணன்தான் பெரிதா? போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தாலும் தம்பி கண் திறந்து பார்த்தான். வெளியே நடையில் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி விழுந்ததும் முசுடு கத்தவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். விஞ்சைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறான். பக்கத்துத் தொட்டியில் இறங்கவிருந்த இவர், விஞ்ச் சுற்றுவதைப் பார்த்து ஓடி வந்து ஏணியில் காலை வைத்துவிட்டார். முசுடு கையை எடுக்காமலே காலால் இவரை எட்டித் தள்ளி, "அவன் மேல வந்துக்கிட்டிருக்கான். நீ எங்கய்யா போற?" என்றானாம். வெளியே நின்றது தானாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் போனில் யாரை விசாரித்தாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்டது அந்த இரண்டாவது ஆளை.

இயக்குநர் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

"ஒரு கால் வெச்சுட்டேன்மா" என்றார் அவர், மாதக்கணக்கில் பேசாமலிருந்த பிறகு.

"எடுத்துட்டீங்கல்ல, போதும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் என் தம்பியின் கையைப் பிடித்தாள். அடுத்த நிமிடமே, ஆக்சிஜன் சிலிண்டர் சாயாமல் கட்டுகிற சங்கிலி எங்கே என்று நர்ஸைக் கூப்பிட்டாள். என் தம்பி மாஸ்க்குக்குள் சிரித்தான்.

வருட முடிவில் அந்த வரியை எடுக்கச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை. அன்று எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவளிடம், இவர்கள் இருவரையும் மனசில் வைத்துத்தான் அதை எழுதினாயா என்று கேட்டேன்.

"உங்களை வெச்சு எழுதினேன் அண்ணி. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா, மிச்சமா நிக்கறது நீங்கதானே?"

கூடத்தில் என் வீட்டுக்காரரும் என் தம்பியும் மின்விசிறிக்கு நேரே யார் உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நான் போய் இருவரையும் அதட்டுவேன். அன்று போகவில்லை. இருவர் சத்தமும் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.