மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும் புஷ்பத்தின் கிணறும்

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் நான் போட்ட சத்தம் ஞாபகமிருக்கிறதா? எங்கள் ஒழுங்கையில் கைவிட்டுக் கிடக்கும் பழைய எரிபொருள் களஞ்சியம்தான் பக்கத்து வளவுப் புஷ்பத்தின் கிணற்றைக் கெடுத்தது, வந்து பாருங்கள் என்று எழுதினேனே…

வந்துவிட்டார்கள்!

வந்தது யாழினி. மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆய்வு செய்கிற பிள்ளை, வயது இருபத்தாறு இருக்கும். கிளிநொச்சியிலிருந்து உருத்திரபுரத்துக்குச் சைக்கிளில்! "மோட்டார் சைக்கிள் தரேல்லையோ பிள்ளை?" என்றேன் இளக்காரமாக.

"தந்தவை ஐயா. பெற்றோல் பட்ட கையால மாதிரி எடுத்தா முடிவு பிழைச்சுப்போகும்."

சைக்கிளை வாங்கி நிழலில் விட்டேன்.

புஷ்பம் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பெண். கத்தரியும் மிளகாயும்தான் சீவியம். சில மாதங்களாகக் கிணற்றில் மண்ணெண்ணெய் நாற்றம். குடிக்க என் கிணற்றில் அள்ளலாம், தோட்டத்துக்கு? பாதி கருகிவிட்டது.

யாழினி களஞ்சியத்தடியில் தொடங்கினாள். கையால் திருகும் நீண்ட கருவியால் மண்ணை எடுப்பாள், மணந்து பார்ப்பாள், போத்தலில் அடைப்பாள். அங்கே நாற்றம் இருந்தது. "பாத்தீங்களோ!" என்று துள்ளினேன். ஆனால், கொஞ்சம் தள்ளித் துளைத்தால் சுத்தமான மண். பிறகு கிணறுகளுக்குள் அளவு நாடா விட்டு நீர்மட்டம் பார்த்தாள். நிலத்தடி நீர் களஞ்சியப் பக்கமிருந்து வரவில்லையாம். என் வளவுப் பக்கமிருந்துதான் புஷ்பத்தின் கிணற்றுக்குப் போகிறதாம். என் வேலியோரம் துளைத்தாள்… மறுபடியும் நாற்றம்!

"கருவியில ஏதோ பிழை. தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளை" என்றேன்.

தேநீரோடு என் பழைய புளுகும் தொடங்கியது. போர்க்காலத்தில், பெற்றோல் இல்லாத வன்னியில், மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோமே! சென்ட் போத்தலில் நாலு துளி பெற்றோல் - ஸ்டார்ட் பண்ண மட்டும். மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய்தான். "உலகத்தில வேற எவன் ஓடினவன்? அதிலயும் எனக்கு எண்ணெய் முடிஞ்சதெண்டே இல்லைப் பிள்ளை!"

யாழினி கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப, அவ்வளவையும் எங்க வைச்சிருந்தனீங்கள் ஐயா?"

குசினி வாசலில் என் மனைவி. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐயோ… இடம்பெயர்ந்த அன்று, திரும்பி வந்து எடுக்கலாம் என்று வேலியோரம் புதைத்தேனே, ஒரு முழுப் பரல் மண்ணெண்ணெய்! திரும்பி வந்தபோது வீடே இல்லை. பரலை யார் நினைத்தது? இப்போது வாயை மூடிக்கொண்டால் களஞ்சியத்தைத்தான் கிண்டுவார்கள். என் மானம் தப்பும். புஷ்பத்தின் தோட்டம்?

"வேலியோரம் ஒரு பரலை நான்தான் தாட்டனான் பிள்ளை" என்றேன்.

கிண்டினோம். பரல் துருப்பிடித்து, அடி ஓட்டையாகி, வெறுமையாகக் கிடந்தது. புஷ்பத்தின் முன்னால் போய் நின்றேன். வெட்கத்தில் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போங்கண்ணே! வலி வந்தப்ப அந்த மண்ணெண்ணெய் பைக்குலதானே என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க? மூத்தவ பொழைச்சதே அதுலதான். அது கெடக்கட்டும்… ஒங்க கெணத்துலேருந்து ஒரு குழாயப் போட்டுவிடுங்க, கத்தரி காயுது!"

அன்று மாலையே போட்டாயிற்று. கெட்ட மண்ணை அகற்றும் வேலையும் தொடங்கியாயிற்று. கிணறு தெளியும்வரை வந்து வந்து பார்ப்பாளாம் யாழினி.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்மீதல்ல! நான் மண்ணெண்ணெய்ப் புகை விட்டுத் திரிந்த காலத்தில் மூன்றாம் வகுப்புப் படித்திருக்கக்கூடிய எங்கள் பிள்ளை… பத்திரிகையில் எழுதுகிறவன் அடித்துச் சொன்னதையும் நம்பாமல், துளைத்துப் பார்த்து முடிவு சொன்னாளே! இப்படி நாலு பேர் இருந்தால் போதாதா நமக்கு?

புறப்படும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அறிக்கையில 'பக்கத்து வளவு' எண்டு மட்டும் போடட்டோ ஐயா? இல்லாட்டி உங்கட பேரைப் போடட்டோ?"

"பேரைப் போடுங்கோ பிள்ளை. களஞ்சியத்தில பழியைப் போட்டதும் அந்தப் பேரிலதானே!"