‘இல்லை’ என்று நான் எழுதியது

படப்பைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் வேலைவாய்ப்பு மையம் இருந்தது. சுற்று ஊர்க்காரர்களுக்குச் சுற்றியுள்ள கம்பெனிகளிலேயே வேலை வாங்கித் தருவதுதான் என் பணி. ஹாஸ்டலில் தங்கும் வெளியூர் ஆட்களைத்தான் கம்பெனிகள் விரும்பும். உள்ளூர் ஆட்கள் காதுகுத்து, திருவிழா என்று லீவு போடுவார்கள் என்பது அவர்கள் குறை. அதனால் யாரை அனுப்பினாலும், ஆளுக்கு நான் பொறுப்பு என்று பேசித்தான் அனுப்புவேன்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயது. கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அம்மாவும் நாலு வயது மகளும் அவளை நம்பி இருந்தார்கள். நான் கேட்டுக் கேட்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவள் பதில் பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கண்கள் மேலே செருகியிருந்தன. நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. தலைக்கடியில் என் துப்பட்டாவைச் சுருட்டி வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒரு நிமிடம்தான் இருக்கும்.

தெளிந்து எழுந்தவள் முதலில் மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அதுல எழுதிடாதீங்க. மாத்திர போட்டா ஃபிட்ஸ் வராது. ரெண்டு நாளா போடல, அதான்."

"கம்பெனிக்குத் தெரியணும்மா."

"தெரிஞ்சா எவன் வேல குடுப்பான்? மூணு எடத்துல சொன்னேன். மூணு எடத்துலயும் வூட்டுக்குப் போன்னுட்டாங்க."

நோய் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். உட்கார்ந்து ஒயர்களைச் சோதிக்கிற வேலை, பகல் ஷிப்ட் மட்டும், என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரகடத்தில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது.

ஒன்றரை மாதம் கழித்து போன் செய்தாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, என்ன பிரஸ் ஷாப்புக்கு மாத்திட்டாங்க. சம்பளம் கூட."

தகட்டை வைத்து, மேலிருந்து இறங்கும் அச்சால் அழுத்தி வெட்டுகிற இடம் அது. உடனே கேட்டேன்.

"ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கினாதானே அது இறங்கும்?"

"ஒரு பட்டன அமுக்கினாப்லயே டேப் ஒட்டி வெச்சிருக்காங்கக்கா. இல்லன்னா ஒரு நாளைக்கு இத்தன பீஸ்னு சொன்ன கவுண்ட் வராது. ஒரு கையால தகட்ட புடிச்சிகினே இன்னொரு கையால அமுக்கணும்."

ஃபிட்ஸ் வருவதைச் சூப்பர்வைசரிடம் அவளையே சொல்லச் சொன்னேன். சொன்னால் துரத்திவிடுவார்கள் என்றாள். மறுநாளும் கெஞ்சினேன். "ஒண்ணும் ஆவாதுக்கா, பயப்படாதீங்க" என்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எந்த போன் அடித்தாலும் எடுக்கப் பயமாக இருந்தது. சோறு பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் பொய். என் வேலை போய்விடும், நான் சேர்த்துவிட்ட மற்ற உள்ளூர்ப் பெண்களையும் சந்தேகப்படுவார்கள் என்றும் பயந்தேன். அந்தப் பயத்தில்தான் இரண்டு நாள் வீணாகப் போயிற்று.

மூன்றாம் நாள் காலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒரகடம் போனேன். செக்யூரிட்டி அறையில் உட்காரச் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் இறங்கும் சத்தம் கேட்டது. தட். தட். ஒவ்வொரு சத்தத்துக்கும் அடுத்த சத்தம் வர வேண்டுமே என்று காத்திருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றுபோனது. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"டீ பிரேக்கும்மா, உக்காருங்க" என்றார் செக்யூரிட்டி.

மனிதவளப் பிரிவு அதிகாரி நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். டேப் ஒட்டிய பட்டனையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கணும்லா மேடம். இல்லன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

அவர் உடனே போனை எடுத்து அவளை மிஷினைவிட்டு அனுப்பச் சொன்னார். அவள் கையுறையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இன்னாக்கா இப்பிடி பண்ணிட்டீங்க."

கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கம்பெனி டாக்டர் பார்த்து, பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னார். சம்பளம் பழையபடி குறைந்தது. அன்றே டேப்பைப் பிய்த்துவிட்டதாக அங்கே வேலை செய்யும் இன்னொரு பெண் சொன்னாள். எங்கள் மையத்தில் எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி அதன்பின் ஒரு வருடத்துக்கு எங்களிடம் ஆள் கேட்கவில்லை. அவள் என் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். பெயரைப் பார்த்ததுமே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து வந்துச்சுக்கா. அட்டப்பொட்டி மேல வுழுந்தேன். கூட வேல செய்றவங்க பாத்துகினாங்க. அவங்களுக்கு முன்னயே சொல்லி வெச்சிருந்தேன்."

"அடி பட்டுச்சா?"

"முட்டில லேசா. இன்னிக்கி டூட்டிக்கு வந்துட்டேன்."

என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க வாய் வரவில்லை. லன்ச் முடியப் போகிறது, லைனுக்குப் போகணும் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.